ஜகதீச சந்திர போஸும் தொழுத ஈச்சமரமும்

திருவண்ணாமலையில் வாழ்வோர்க்குப் பொழுதறியக் கடிகாரம் வேண்டுவதில்லை. உஷத்காலம் தொடங்கி அர்த்தசாமம் ஈறாக அண்ணாமலையார் திருக்கோயிலில் நிகழும் ஆறு காலப் பூசைகளின் மணியோசையே ஊராரின் நாளைப் பங்கிட்டுக் கொடுக்கின்றது. சாயரட்சை மணி ஒலிக்கும் அந்தி வேளையில் மலையை வலம்வரும் வழியில் நின்று ஒரு புளியமரத்தை நோக்குவோமாயின், அதன் சிற்றிலைகள் இணையிணையாகக் கூம்பிக் கை குவித்தாற்போல் நிற்பதைக் காணலாம். பொழுது விடிந்ததும் அவை மீண்டும் விரிகின்றன. தூங்குமூஞ்சி மரம் இச்செயலாலேயே தன் பெயரைப் பெற்றது. இருட்டிய பின் இலையும் பூவும் பறிக்கலாகாது, மரம் உறங்குகின்றது என்று நம் பாட்டிமார் தடுப்பதும் இதுபற்றியே.

மரம் மணியோசையைக் கேட்டா இலை கூம்புகின்றது? கதிரவன் மறைந்ததை உணர்ந்தா? அன்றித் தன்னுள்ளேயே ஒரு காலக்கணக்கை வைத்திருக்கின்றதா? சிறுவன் ஒருவன் கேட்கத்தக்க இந்தக் கேள்வியை, மற்றொரு கோயிலின் அருகே நின்ற மற்றொரு மரத்தினிடம், கருவிகளைக் கொண்டு முறையாகக் கேட்டவர் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். அவரே ஸர் ஜகதீச சந்திர போஸ் என்னும் பேரறிஞர். வஸு என்றும் அவர் பெயரைத் தமிழில் எழுதுவதுண்டு. அவருடைய வரலாற்றைச் சுருக்கி உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 30ஆம் நாள் வங்க நாட்டில் மைமன்சிங் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய முன்னோர் டாக்கா மாவட்டத்து விக்கிரமபுரத்தைச் சேர்ந்தவர்கள். அவ்வூர்கள் இன்று வங்காள தேசத்தில் உள்ளன. தந்தையார் பகவான் சந்திர போஸ் ஆங்கில அரசாங்கத்தின்கீழ் டெபுடி மாஜிஸ்திரேட்டாக அலுவல் பார்த்தவர். பிரம்ம சமாஜத்தைச் சார்ந்தவர். அவர் பரீத்பூரில் அலுவலில் இருந்தமையால் மைந்தரின் இளமைப் பருவம் அவ்வூரில் கழிந்தது. பரீத்பூர் என்னும் இப்பெயரை வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும். பல்லாண்டுகள் கழித்துப் போஸின் ஆராய்ச்சியுள் அவ்வூர் மீண்டும் வரும்.

அக்காலத்தில் உயர்ந்த அலுவலில் இருந்தோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதினர். பகவான் சந்திரரோ, தாய்மொழியை முதலில் கற்றல் வேண்டும், தம் நாட்டு மக்களோடு ஒட்டி வாழ அறிதல் வேண்டும் என்னும் கொள்கையினராய் மகனை வங்காளி மொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே சிறுவர் போஸின் வலப்பக்கத்தில் தந்தையாரின் ஏவலாளர் மகனும், இடப்பக்கத்தில் ஒரு செம்படவர் மகனும் அமர்ந்திருந்தனர். மீன்களையும் பறவைகளையும் நீர்வாழ் உயிர்களையும் பற்றி அவர்கள் சொல்லிய கதைகளே இயற்கையை ஆராயும் வேட்கையை அவருள் முதன்முதல் எழுப்பின. வீட்டுக்கு வரும் அத்தோழர்களுக்கு அன்னையார் தம் மகனுக்கு இடுவது போலவே வேற்றுமையின்றி உணவிட்டார். பிற்காலத்தில் போஸ் இவ்விரண்டையும் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

பின்னர்க் கல்கத்தா சென்று ஹேர் பள்ளியிலும், அதன்பின் ஏசு சபையார் நடத்திய ஸெயின்ட் ஸேவியர் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்றார். அக்கல்லூரியில் பௌதிக நூல் கற்பித்த பாதிரியார் லாபோன் என்னும் பெல்ஜிய நாட்டுப் பெரியார், சொல்லளவில் நில்லாது ஒவ்வொரு கோட்பாட்டையும் கருவிகளைக் கொண்டு கண்முன் செய்து காட்டும் இயல்புடையவர். 1876ஆம் ஆண்டு மகேந்திரலால் ஸர்க்கார் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தை நிறுவியபோது அவர்க்குத் துணை நின்றவரும் இவரே. கருவியைத் தம் கையாலேயே அமைத்து இயற்கையை வினவும் பழக்கத்தைப் போஸ் இவரிடமிருந்தே பெற்றார். நல்லாசிரியர் ஒருவர் மூட்டிய விளக்கு எத்துணைத் தொலைவு ஒளி வீசும் என்பதற்கு இதுவே சான்று.

1879இல் பி. ஏ. பட்டம் பெற்றபின், மருத்துவம் கற்கும் எண்ணத்துடன் 1880இல் இங்கிலாந்து சென்றார். ஆனால் முன்னரே தம்மைப் பற்றியிருந்த காய்ச்சல், பிணம் அறுக்கும் சாலையின் நாற்றத்தால் மிகவே, மருத்துவக் கல்வியைக் கைவிட நேர்ந்தது. பின்னர்க் கேம்பிரிட்ஜில் கிரைஸ்ட் கல்லூரியில் சேர்ந்து இயற்கை நூல் பயின்று 1884இல் பட்டம் பெற்றார். ராலே பிரபு அவருக்குப் பௌதிகம் கற்பித்தார். மைக்கேல் பாஸ்டர் உடற்செயல் நூலும், பிரான்ஸிஸ் டார்வின் தாவர நூலும் கற்பித்தனர். பிரான்ஸிஸ் டார்வின், உயிர்களின் பரிணாமத்தை விளக்கிய சார்லஸ் டார்வினின் மைந்தர். தந்தையும் மைந்தரும் சேர்ந்து செடிகளின் அசைவுகளை ஆராய்ந்து, இலைகள் இரவில் கூம்புவதைப் பற்றியும் விரிவாக எழுதிய நூல் வெளிவந்தது 1880ஆம் ஆண்டில்தான். பிற்காலத்தில் செடிகளின்பால் போஸ் திரும்பியதற்கு வித்து இங்கேயே ஊன்றப்பட்டது எனலாம்.

1885இல் தாயகம் மீண்ட போஸ் கல்கத்தா மாகாணக் கல்லூரியில் பௌதிக ஆசிரியராக அமர்ந்தார். அக்காலத்து ஏற்பாட்டின்படி இந்திய ஆசிரியருக்கு ஐரோப்பியர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே கிடைத்தது. போஸின் நியமனம் தற்காலிகமானது என்று காரணம் காட்டி அதிலும் பாதியே தர முன்வந்தனர். போஸ் சினந்து வேலையை விடவுமில்லை. பணிந்து அச்சிறு தொகையை ஏற்கவுமில்லை. மூன்றாண்டுகள் ஒரு காசும் வாங்காமல், ஒரு நாளும் குறைவின்றிப் பாடம் நடத்தி வந்தார். தந்தையார் கடன்பட்டிருந்த காலம் அது. இறுதியில் அரசாங்கத்தார் அவருடைய தகுதியை உணர்ந்து வேலையை நிலைப்படுத்தி, கழிந்த ஆண்டுகளுக்கும் முழு ஊதியத்தையும் கணக்கிட்டுக் கொடுத்தனர். அப்பொருளைக் கொண்டு தந்தையாரின் கடனைத் தீர்த்தார்.

அவ்வறுமைக் காலத்தில் உடன் நின்றவர் 1887இல் அவரை மணந்த அபலா அம்மையார். இவ்வம்மையாரின் வரலாறு தமிழ்நாட்டோடும் தொடர்புடையது. மருத்துவம் கற்க விரும்பிய அவர்க்குப் பெண் என்னும் காரணத்தால் கல்கத்தா மருத்துவக் கல்லூரி இடந்தராமையின், வங்க அரசாங்கத்தின் உபகாரச் சம்பளம் பெற்று 1882இல் சென்னைக்கு வந்து மருத்துவக் கல்லூரியில் பயின்றார். உடல்நலக் குறைவால் அக்கல்வி முற்றுப்பெறவில்லை. ஆயினும் பிற்காலத்தில் பெண் கல்விக்காக நாரீ சிக்ஷா சமிதி என்னும் கழகத்தை 1919இல் நிறுவிப் பெரும்பணி புரிந்தார்.

போஸின் ஆராய்ச்சி முதலில் மின் அலைகளைப் பற்றியது. கல்லூரியில் ஆய்வுச்சாலை இல்லை. 24 சதுர அடி கொண்ட ஒரு சிற்றறையில், தாமே பயிற்றிய ஒரு தகரக் கொல்லரின் உதவியோடு நுண்ணிய கருவிகளைச் செய்தார். ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் அளவே நீளமுள்ள அலைகளை எழுப்பி, அவை சுவரையும் மனித உடலையும் ஊடுருவிச் சென்று தொலைவிலுள்ள மணியை ஒலிக்கச் செய்வதைக் கல்கத்தாவில் பலர் முன்னிலையில் காட்டினார். 1896இல் லண்டன் பல்கலைக்கழகம் அவர்க்கு டி. எஸ்ஸி. பட்டம் வழங்கியது. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சொற்பொழிவாற்றினார். இக்கண்டுபிடிப்பால் பெருஞ்செல்வம் ஈட்டலாம் என்று வணிகர் அழைத்தபோது, அறிவின் பயன் அனைவர்க்கும் உரியது என்று மறுத்துவிட்டார்.

அக்கருவிகளை நாடோறும் கையாளுகையில் அவர் ஒரு புதுமையைக் கண்டார். அலையை ஏற்கும் உலோகக் கருவி தொடர்ந்து வேலை செய்தால் சோர்ந்து போகின்றது. சிறிது ஓய்வு கொடுத்தால் மீண்டும் சுறுசுறுப்படைகின்றது. சோர்வும் தெளிவும் உயிர்ப்பொருளுக்கே உரியவை என்றன்றோ எண்ணியிருந்தோம், உலோகத்திலும் இவை உள்ளனவாயின் இரண்டிற்கும் இடைப்பட்ட செடிகளின் நிலை யாது என்று வியந்தார். இவ்வாறே பௌதிகப் பேராசிரியர் ஒருவர் தாவர ஆராய்ச்சிக்குள் புகுந்தார்.

புதிய நிலத்தில் கால் வைப்போரைப் பழைய குடிகள் எளிதில் வரவேற்பதில்லை. 1901இல் லண்டன் ராயல் சங்கத்தின் முன் போஸ் தம் முடிவுகளைக் காட்டியபோது, உடற்செயல் நூலில் பேர்பெற்ற பர்டன் சாண்டர்ஸன் முதலியோர், இவர் பௌதிகத்தோடு நிற்றலே நன்று என்னும் கருத்துப்பட எதிர்த்தனர். அவருடைய கட்டுரை அச்சேறாமல் நின்றது. போஸ் தளரவில்லை. உயிருள்ளவற்றிலும் இல்லாதவற்றிலும் எழும் மறுவினைகளைப் பற்றிய நூலை 1902இலும், செடிகளின் மறுவினைகளைப் பற்றிய பெருநூலை 1906இலும் வெளியிட்டார். அந்நூல்களைச் செப்பம் செய்வதில் சகோதரி நிவேதிதா பெரிதும் உதவினார். எதிர்ப்புக்கு விடை சொற்களால் அன்று, கருவிகளாலேயே தருதல் வேண்டும் என்பது போஸின் துணிபு. செடி தன் கையாலேயே தன் வரலாற்றை எழுதுமாயின் அதனை மறுப்பவர் யார்?

அதற்காக அவர் அமைத்த கருவிகள் வியக்கத்தக்கவை. செடியின் இலையோடு மெல்லிய நெம்புகோல் ஒன்று இணைக்கப்படும். அதன் முனை புகைபடிந்த கண்ணாடித் தகட்டின்மேல் எழுதும். முனை தகட்டை இடைவிடாது தொட்டுக்கொண்டே சென்றால் உராய்வினால் இலையின் மெல்லிய விசை தடைப்படும். ஆகவே அம்முனை அதிர்ந்து அதிர்ந்து தகட்டைப் புள்ளி புள்ளியாய்த் தொடும்படி செய்தார். புள்ளிகளுக்கிடையே உள்ள இடைவெளியே காலத்தின் அளவாயிற்று. ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்கையும் அவ்வாறு கணித்தார். நத்தையினும் மெதுவாக நிகழும் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்னும் கருவியையும் இயற்றினார்.

இக்கருவிகளால் அவர் எழுப்பிய கேள்விகளுள் ஒன்று, செடிக்குப் பகலிரவு வேற்றுமை உண்டா என்பது. தொட்டாற்சுருங்கிச் செடி ஒன்றை ஒரே அளவான மின் தூண்டுதலால் குறித்த இடைவெளி தோறும் இரவு பகல் முழுதும் தொட்டுவரும்படி ஒரு பொறியை அமைத்தார். தூண்டுதல் மாறவில்லை, செடியின் மறுமொழியோ மணிக்கு மணி மாறியது. நண்பகலை ஒட்டிய வேளையில் இலை மிகுதியாக அசைந்தது. இரவு செல்லச் செல்ல அசைவு குறைந்தது. நாம் எழுந்து சுறுசுறுப்பாய் வேலை தொடங்கும் காலை வேளையிலேதான் செடி மிகவும் மந்தமாயிருந்தது. இம்முடிவை 1913இல் தாவர நூல் இதழ் ஒன்றில் வெளியிட்டார். இலை கூம்புவதுதான் செடியின் உறக்கம் என்று கொண்டிருந்தோர்க்கு, இலையின் நிலை வேறு, செடியின் உணர்ச்சி வேறு என்று அவ்வேடு காட்டியது.

மற்றொரு செடி தொழுகண்ணி. நம் சித்த மருத்துவர் நன்கறிந்த இம்மூலிகையின் பக்கச் சிற்றிலைகள், யாரும் தொடாமலே சில நிமிடத்துக்கு ஒருமுறை தாமாக எழுந்து தாழும். போஸ் இதனை விலங்கின் நெஞ்சத் துடிப்போடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். மயக்க மருந்து தந்தால் துடிப்பு அடங்குகின்றது, குளிரில் தளர்கின்றது, வெம்மையில் விரைகின்றது. வெளியிலிருந்து பெற்ற ஒளி முதலியவற்றின் ஆற்றலைச் செடி தன்னுள் சேமித்து வைத்து அச்சேமிப்பினாலேயே துடிக்கின்றது, சேமிப்புத் தீர்ந்தால் துடிப்பும் நிற்கின்றது, ஆற்றல் மீண்டும் கிடைத்தால் அது மீண்டும் தொடங்குகின்றது என்பது அவர் கண்ட முடிவு. உயிரின் தாளத்துக்கும் அதன் உணவுக்கும் தொடர்புண்டு என்னும் கருத்து இதில் அடங்கியிருத்தல் காண்க.

அவ்வுணவை இலைகள் ஆக்கும் முறையையும் அவர் விட்டுவைக்கவில்லை. குளங்களில் மக்கள் பாசி என்றழைக்கும் ஹைட்ரில்லா என்னும் நீர்ச்செடி, ஒளியில் உணவாக்கும்போது பிராணவாயுக் குமிழிகளை வெளிவிடும். ஒவ்வொரு குமிழியும் தானே தன் வரவைப் பதியுமாறு ஒரு கருவியைச் செய்து, இவ்வாராய்ச்சியை 1924இல் நூலாக வெளியிட்டார். வேனிற்காலத்து ஹைட்ரில்லா கரியமில வாயுவை ஏற்கும் முறை மற்றைக் காலத்தினின்றும் வேறுபட்டது என்றும், ஆப்பிள் முதலிய கனிகளில் உள்ள மாலிக் அமிலம் அதில் பங்கு கொள்கின்றது என்றும் அவர் குறித்தார். அதன் உண்மையும் அருமையும் பல பத்தாண்டுகள் கழித்தே தாவர நூலார்க்குப் புலனாயின.

இனிப் பரீத்பூருக்குச் செல்வோம். அவ்வூரில் ஓர் ஈச்சமரம் இருந்தது. புயல் ஒன்றில் சாய்ந்து, நேர் நில்லாது சரிந்தவாறே வளர்ந்த மரம் அது. அடிமரத்தின் நீளம் ஏறத்தாழ 5 மீட்டர். காலையில் அது தலை நிமிர்ந்து நிற்கும். மாலையில் கோயில் மணி ஒலித்து மக்கள் வழிபாட்டுக்குச் செல்லும் வேளையில், கழுத்தை வளைத்துத் தன் ஓலைகள் நிலத்தைத் தொடும்படி தாழ்ந்திருக்கும். ஒருவரின் உயரத்துக்கு இருமடங்குக்கு மேற்பட்ட ஒரு பேருருவம் நாடோறும் விழுந்து வணங்குவதாகவே காண்போர்க்குத் தோன்றிற்று. யாத்திரிகர் திரண்டனர், காணிக்கைகள் இட்டனர், நோய் தீர்ந்ததாகவும் கூறினர்.

இச்செய்தி போஸுக்கு எட்டிற்று. இத்தகைய செய்தியைக் கேட்ட கற்றவர் இருவகைப்படுவர். மூடநம்பிக்கை என்று நகைத்து, நோக்காமலே ஒதுக்குவோர் ஒரு சாரார். அற்புதம் என்று கைகூப்பி, ஆராயாமலே ஏற்போர் மற்றொரு சாரார். போஸ் இரு திறத்தினரையும் சேராதவர். மக்கள் கண்டது பொய்யன்று, மரம் மெய்யாகவே அசைகின்றது, ஆயின் ஏன் அசைகின்றது என்பதே அவர் கேள்வி. மரத்துக்குரியவரோ கருவி பட்டால் அதன் தெய்வத்தன்மை கெடும் என்று அஞ்சினார். போஸ் அவரை இகழவில்லை. அந்நியர் கை மரத்தின்மேல் படாது என்றும், ஆசாரம் வழுவாத தம் உதவியாளரே கருவியைப் பொருத்துவர் என்றும், அவருள் ஒருவர் பூசாரியின் மகன் என்றும் உறுதி கூறி இசைவு பெற்றார்.

கருவி இரவு பகலாக எழுதியது. மரம் காலையிலும் மாலையிலும் மட்டும் அசைவதன்று, ஒரு கணமும் ஓயாது அசைந்துகொண்டேயிருக்கின்றது என்று முதலில் புலனாயிற்று. காலை 7 மணியளவில் அது மிக உயர்ந்து நின்றது. அதுமுதல் சிறிது சிறிதாகத் தாழ்ந்து, பிற்பகல் 3 மணியை ஒட்டி மிகத் தாழ்ந்தது. பின்னர் மெல்ல எழத் தொடங்கி மறுநாட் காலையில் பழைய நிலையை அடைந்தது. மரத்தின் கோட்டையும் வெப்பமானியின் கோட்டையும் ஒருங்கு வைத்து நோக்கியபோது விடை கிடைத்தது. வெம்மை ஏற ஏற மரம் தாழ்கின்றது. வெம்மை குறையக் குறைய எழுகின்றது. சாய்ந்த மரம் மேல்நோக்கி நிமிர முயலும் உயிராற்றலை வெம்மை தளர்த்துகின்றது என்று போஸ் விளக்கினார். ஆகவே மணியோசைக்கு முன்னரே மரம் வணங்கி முடித்திருந்தது. அந்தியில் வந்த மக்கள் கண்டது தாழ்ந்து கிடந்த அதன் நிலையையே. சில காலத்துக்குப்பின் அம்மரம் பட்டுப்போயிற்று. அதனோடு அசைவும் நின்றது. வெறும் வெயிலால் மரக்கட்டை வளைந்த செயலன்று அது, உயிருள்ள உடலின் செயலே என்பதற்கு அம்மரணமே சான்றாயிற்று. இவ்வாராய்ச்சி 1918இல் வெளிவந்த செடிகளின் உயிரசைவுகள் என்னும் நூற்றொகுதியில் இடம்பெற்றது.

இதற்கிடையே 1915இல் கல்லூரி வேலையினின்று ஓய்வு பெற்றிருந்தார். 1917இல் ஸர் பட்டம் கிடைத்தது. அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள், தம் பிறந்தநாளன்று, வாழ்நாட் சேமிப்பையும் நாட்டார் உதவியையும் கொண்டு கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சிக் கழகத்தைத் திறந்து வைத்தார். அது இன்றும் சிறப்புற நடைபெற்று வருகின்றது. கிரெஸ்கோகிராப் காட்டுவது செடியின் வளர்ச்சிதானா என்று லண்டனில் ஐயம் எழுந்தபோது, 1920இல் அறிஞர் பலர் முன் அதனை இயக்கிக் காட்டி அவ்வையத்தை நீக்கினார். பத்தொன்பது ஆண்டுகட்கு முன் அவருடைய கட்டுரையை அச்சிடாது நிறுத்திய ராயல் சங்கமே அவ்வாண்டு அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தது. மகாகவி பாரதியார் அவரைப் போற்றி எழுதினார். இரவீந்திரநாத தாகூர் அவருடைய ஆருயிர் நண்பராயிருந்தார்.

பெரியோர் வரலாற்றை எழுதுவோர் அவர்தம் வெற்றிகளையே அடுக்கிச் செல்வது வழக்கம். ஆனால் உண்மையையே தெய்வமாகக் கொண்ட ஒருவரின் வரலாற்றில் அவர் வழுவிய இடங்களையும் கூறுதலே அவருக்குச் செய்யும் மரியாதையாகும். மரங்களில் சாறு ஏறுவதற்கு உள்ளே துடிக்கும் உயிரணுக்களே காரணம் என்று அவர் கொண்ட கொள்கையைப் பின்வந்த ஆராய்ச்சி ஏற்கவில்லை. செடிகளில் மின் குறிப்புகள் ஓடுகின்றன என்னும் கொள்கையோ உறுதிப்பட்டுவிட்டது. ஆயினும் விலங்குகளுக்குள்ள நரம்பே செடிக்கும் உண்டு என்று கூறுதல் மிகையாகும்.

நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்வியிலும் போஸ் பாதி வழியே சென்றார். செடியின் நாளசைவுகளை வெம்மை, ஒளி ஆகிய புறக் காரணங்களாலேயே விளக்க அவர் முயன்றார். ஈச்சமரத்துக்கு அவ்விளக்கம் பொருந்தியது. எல்லாச் செடிக்கும் அது பொருந்துவதன்று. 1729ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு நாட்டு டி மைரான் என்பார், தொடின் கூம்பும் செடியொன்றை இருளில் அடைத்து வைத்தும் அதன் இலைகள் வேளை தவறாது விரிந்து கூம்பியதைக் குறித்திருந்தார். போஸின் இறுதி ஆண்டுகளான 1930களில் ஜெர்மானிய அறிஞர் எர்வின் பியூனிங் அவரைச் செடியை மாறாத சூழலில் வைத்து நோக்கினார். இலைகள் அப்போதும் எழுந்து தாழ்ந்தன. அவற்றின் நாள் சரியாக 24 மணி நேரமாக இல்லாமல் சற்றே வேறுபட்டிருந்தது. புறத்தேயுள்ள ஒன்று அவற்றை இயக்கியிருப்பின் இவ்வேறுபாடு தோன்றாது. ஆகவே கடிகாரம் செடியின் உள்ளேயே இருக்கின்றது. கதிரவன் அதனை நாடோறும் திருத்தி வைக்கின்றான். அக்கடிகாரம் பெற்றோரிடமிருந்து வழிவழி வருவது என்பதையும் பியூனிங் காட்டினார்.

அதன்பின் இத்துறை பெருகி வளர்ந்தது. 1971இல் கானப்கா, பென்ஸர் என்னும் இருவர், பழ ஈயின் நாட்கணக்கை மாற்றும் மரபுக்கூறு ஒன்றைக் கண்டனர். அக்கூறும் அதன் துணைக்கூறுகளும் உயிரணுவினுள் எவ்வாறு ஒன்றையொன்று தூண்டியும் அடக்கியும் ஒரு நாளைச் சுற்றி முடிக்கின்றன என்று விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் மூவர்க்கும் 2017இல் நோபெல் பரிசு கிடைத்தது. தமிழ்நாட்டிலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் அவர்தம் மாணாக்கரும் குகை வௌவால்களை ஆராய்ந்து, இருண்ட குகையின் ஆழத்தில் அடைபட்ட வௌவாலும் தன் கூட்டத்தார் வெளியே செல்லும் ஆரவாரத்தைக் கொண்டே தன் உட்கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும் என்று 1981இல் நிறுவினர். ஓசையால் காலமறியும் உயிரும் உண்டு என்பது இதனால் விளங்கும்.

உயிரின் தாளத்துக்கும் உணவுக்கும் தொடர்புண்டு என்று தொழுகண்ணியில் போஸ் கண்டதும் இன்று புதுப்பொலிவு பெற்றுள்ளது. இலை பகலில் ஈட்டிய மாவுப்பொருளை இரவு முழுதும் ஒரு சீராகச் செலவிட்டு, விடியும் வேளையில் ஏறக்குறையத் தீரும்படி பங்கிடுகின்றது. உட்கடிகாரம் பழுதுபட்ட செடியோ விடியுமுன்னரே தன் இருப்பைத் தீர்த்துவிட்டுப் பசியால் வாடுகின்றது. நம் உடலிலும் ஈரல் முதலிய உறுப்புகள் தோறும் இத்தகைய கடிகாரங்கள் உண்டு. உண்ணும் வேளை அவற்றைத் திருத்துகின்றது. அதே உணவை நள்ளிரவில் உண்டால் குருதியில் சர்க்கரை காலையினும் மிகுதியாக ஏறி நிற்கின்றது. பொழுதோடு உண்டு பொழுதோடு உறங்கு என்று முதியோர் கூறிய அறிவுரைக்குப் பொருள் இங்கே கிடைக்கின்றது.

போஸ் 1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், தம் எழுபத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு ஒரு வாரமே எஞ்சியிருக்கையில், கிரிதி என்னும் ஊரில் இயற்கை எய்தினார். பியூனிங் கண்ட உண்மையைத் தம் கருவிகளாலேயே எட்டும் தொலைவில் அவர் நின்றிருந்தார். இருட்டறையில் மாறாத வெம்மையில் ஒரு செடியைச் சில நாட்கள் வைத்து, அதன் கையெழுத்தை அதே பொறுமையோடு படித்திருப்பின் ஒருகால் அவரே அதனைக் கண்டிருப்பார். வெம்மையே காரணம் என்று ஒரு மரத்தில் பெற்ற வெற்றி மற்றச் செடிகளிலும் அவர் கண்ணை அப்பக்கமே திருப்பிவிட்டது போலும். ஒரு விடை கிடைத்ததனால் கேள்வி முடிந்துவிட்டது என்று கருதலாகாது என்பதே இதனால் நாம் கற்கும் பாடம்.

ஆயினும் அவர் விட்டுச் சென்ற வழி பெரிது. எள்ளி நகையாடாமலும், கண்மூடி ஏற்காமலும், மரத்தினிடமே சென்று அதனையே எழுதச் சொல்லி, அது எழுதியதைப் படித்தவர் அவர். அவருக்குக் கிடைத்தவை 24 சதுர அடி அறையும், ஒரு தகரக் கொல்லரும், புகைபடிந்த கண்ணாடித் தகடுமே. மாணவ நண்பர்களே, நம் கல்லூரியின் ஆய்வுச்சாலைகளில் இன்று அவற்றினும் மிகுதியான கருவிகள் உள்ளன. திருவண்ணாமலையின் புளியமரங்களும் அந்திதோறும் இலை கூம்பிக் கொண்டுதான் இருக்கின்றன. சாயரட்சை மணி ஒலிக்குமுன் ஒரு நாள் சென்று, எந்த நிமிடத்தில் எந்த இலை கூம்புகின்றது என்று ஒரு சிறு ஏட்டில் குறித்து வருவோமாக. மேகம் மூடிய நாளிலும், மழை நாளிலும், வெயில் மிக்க நாளிலும் அதனையே செய்வோமாக. அப்பெரியாரை நினைவுகூர்தற்கு அதனினும் சிறந்த வழி இல்லை.